இரண்டாவது துளை

…இந்த மனுசனை எங்கே நிற்க வைப்பது என்பதுதான் முதல் பிரச்சினை, மற்றதெல்லாம் சரி, லப்டொப்பின் பற்றரி நிறைந்திருக்கிறது, இடையில் தூங்கிப்போகாதே என்று அதற்குச் சொல்லியாயிற்று, தானாகப் புதுப்பித்துக்கொள்கிற விளையாட்டையெல்லாம் நிறுத்தியாயிற்று, வைஃபையை நம்பாமல் கேபிளும் கொண்டுவந்தாயிற்று, எல்லாவற்றுக்கும் ஓர் இடமும் ஒழுங்கும் இருக்கிறது, பேரின்பநாதனுக்கு மட்டும் இல்லை. கதவடியில் நிற்கச் சொன்னால் கதவைத் திறந்து திறந்து மூடுவார், பக்கத்தில் நிற்கச் சொன்னால் இது என்ன அது என்ன என்று கேட்டுக்கொண்டிருப்பார், கதிரையில் இருத்தினால் நித்திரையாகிவிடுவார், ஆனாலும் ஆள் வேண்டும், மின்சாரப் பெட்டிக்குள் கை வைக்கிறவர் தனியே நிற்கக்கூடாது என்பது இங்கே சட்டம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் விமான நிலையத்தடி டோர்வலுக்கு வேறு யார் வரப்போகிறார்கள்? விமானக் கம்பனிகளின் போர்வைகளைத் தோய்க்கிற இந்தப் பெரிய கட்டடத்தில் இன்றைக்கு அவர்கள் இரண்டு பேர்தான். ஜெகதீஸ்வரி இங்கே மெசின்களைப் பராமரிக்கிற ஆள், பேரின்பநாதன் மூன்றாம் இலக்கத் தோய்க்கும் மெசினில் போர்வை ஏற்றி இறக்குகிற ஆள், வீட்டுக்குப் போனால் புருசன் பெண்சாதி. வேலை முடிந்ததும் ஜான்-டலோன் சந்தைக்குப் போகலாம், தக்காளி வந்து குவிந்திருக்கும், கத்தரிக்காயும் பார்க்கலாம் என்று ஆசை காட்டித்தான் அவரைக் கூட்டிவந்திருந்தாள். ‘சும்மா நில்லுங்கோ, ஒண்டிலயும் கை வைக்காதேங்கோ’ என்றாள். ‘ஓம்’ என்றார். அவருடைய ஓம் எத்தனை வகை என்று அவளுக்குத்தான் தெரியும், கேட்டேன் என்கிற ஓம், கேட்கவில்லை என்கிற ஓம், கேட்டேன் ஆனால் செய்யமாட்டேன் என்கிற ஓம்… இது எந்த ஓம்?

இன்றைக்கு அவள் திறக்கப்போகிற டிரைவ் அப்படியொன்றும் பெரிய சாமான் இல்லை, சுவரில் திருகியிருக்கிற சாம்பல் நிறப் பெட்டி, பிறந்தநாள் கேக் வாங்கினால் தருவார்களே அந்தப் பெட்டியளவு, ஆனால் வெளியே நிற்கிற அவ்வளவு பெரிய மெசினின் மோட்டாருக்கு எப்போது சுற்று, எவ்வளவு வேகத்தில் சுற்று, எப்போது நில் என்று சொல்வது இதுதான். மோட்டாருக்குப் பலம் உண்டு, புத்தி இல்லை, புத்தி முழுக்க இந்தப் பெட்டிக்குள், அந்தப் புத்திக்குள்தான் ஒரு பிழை என்று பெட்டியைச் செய்த கம்பனி எழுதியிருந்தது. மின்சாரம் கண்ணிமைக்கிற நேரம் போய் வந்தால், சில வேளைகளில், ‘நில்’ என்ற சைகையை வாசிக்க முன்னரே டிரைவ் மோட்டாரை ஒரு தரம் சுண்டிவிடக்கூடும், ஆகவே புதிய ஃபேர்ம்வெயரை, அதாவது பெட்டிக்குள் இருக்கிற புத்தியின் புதிய பதிப்பை, ஏற்றிக்கொள்ளுங்கள்… என்ன பணிவு, என்ன மரியாதை! சில வேளைகளில் என்றால் எந்த வேளைகளில்? கூடும் என்றால்? அதை வாசித்த அன்றைக்கு கன்ரீனில் அவளுடைய தேத்தண்ணி ஆறிப்போனது, ஏனென்றால் அவளுக்குக் கடதாசியில் எழுத்துத் தெரியவில்லை, இரண்டு கால்தான் தெரிந்தது. ஈரப் போர்வைகள் ஒன்றோடொன்று முறுகி டிரம்மின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும், கையால் எட்டாது, அப்போது பேரின்பநாதன் இடுப்புவரை உள்ளே போய்விடுவார், வெளியே நிற்பது இரண்டு கால், ஒரு பெல்ற், பின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருக்கிற கையுறை. உள்ளேயிருந்து பாட்டுச் சத்தமும் கேட்கும், டிரம்முக்குள் தன் குரல் நன்றாக எடுபடுகிறது என்று ஒரு நினைப்பு. அந்த நேரம் பார்த்து மின்சாரம் ஒரு தரம் கண்ணை மூடித் திறந்தால்… அவள் அதற்குமேல் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை, அந்த இடத்தில் எழும்பி ஏதாவது பாத்திரத்தைக் கழுவத் தொடங்கிவிடுவாள்.

அடுத்த நாள் காலைக் கூட்டத்தில் பிரெஞ்சில் ஒருக்கா, பிறகு தமிழ் ஆட்களுக்குத் தமிழில் ஒருக்கா, எல்லாருக்கும் சொன்னாள், இது சரிவரும் வரைக்கும் டிரம்முக்குள் கை விட முன்னம் மெசினின் பிரதான சுவிச்சை இழுத்து நிறுத்தி அதில் உங்கட பூட்டைப் போடவேணும் என்று. பூட்டு எல்லாரிடமும் இருக்கிறது, வேலைக்குச் சேர்ந்தபோதே கொடுத்த சிவப்புப் பூட்டு, பெயரும் படமும் போட்ட அட்டையோடு, ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு, ஒரு பூட்டுக்கு ஒரு திறப்பு, அவரவர் போட்டதை அவரவர்தான் கழற்றலாம், முதலாளி வந்தாலும் கை வைக்க முடியாது. எல்லாரும் தலையாட்டினார்கள், ஆனால் வண்டில் வண்டிலாகப் போர்வை வந்து வரிசையில் நிற்கும்போது யார் பூட்டிப் பூட்டித் திறப்பார்கள்? நாலாம் மெசின் கௌசி நேரேயே சொல்லிவிட்டாள், ‘அக்கா, அவசரத்தில மறந்துபோகுது, பொய் சொல்ல ஏலாது’ என்று. நல்ல பிள்ளை. இவரைக் கேட்டால்? ‘நீங்கள் பூட்டுறனீங்களோ?’ ‘ஓம்.’ அவ்வளவுதான். மேல் நடைபாதையால் போகும்போது எட்டிப் பார்ப்பாள், இரண்டு கால் தெரியும், சுவிச்சு மெசினுக்கு மற்றப் பக்கம், தெரியாது, இறங்கிப் போய்ப் பார்க்க வெட்கம், பெண்சாதி வேவு பார்க்கிறாள் என்று ஊரெல்லாம் சிரிக்கும். அதற்குப் பிறகுதான் மேலாளரின் மேசைக்கு முன்னால் போய் நின்றாள், அடுத்த பெரிய விடுமுறைக்குச் செய்யலாமே என்றார், இல்லை என்றாள், கரண்ட் போனாலும் தாங்குகிற யூபிஎஸ் கேட்டாய் அதுகூட இன்னும் வரவில்லையே என்றார், வராவிட்டால் பரவாயில்லை, மழை காற்று இல்லாத ஒரு ஞாயிறு தாருங்கள் என்றாள். தன்னுடைய குரல் அவ்வளவு இறுகியிருந்தது அவளுக்கே பிறகுதான் விளங்கியது. இன்றைக்கு நல்ல வெயில், இலை அசையவில்லை.

கரண்டை நம்பலாம், டிரைவை நம்பலாம், இந்த ஆளைத்தான்… சரி, இருக்கட்டும். வந்த உடனேயே வெளியே மூன்றாம் மெசினின் சுவிச்சைக் கீழே இழுத்து, தன்னுடைய பையில் எப்போதும் இருக்கிற கவ்வியை அதில் மாட்டி, அதன் முதல் துளையில் தன் பூட்டைப் போட்டாள். சிவப்புப் பூச்சுப் பூசிய இரும்புக் கவ்வி, பலர் சேர்ந்து வேலை செய்தால் பல பூட்டுப் போடுவதற்காக வரிசையாகத் துளைகள் உண்டு, ஆனால் அவள் தனி ஆள், முதல் துளை ஒன்றே போதும், அது பூச்சுத் தேய்ந்து இரும்பு தெரிகிறது, இரண்டாவதும் ஏனோ கொஞ்சம் தேய்ந்துதான் கிடக்கிறது, பைக்குள் ஆணி கீணி உரசியிருக்கும், கீழேயுள்ளதெல்லாம் வாங்கின மாதிரியே. திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இந்த மின்சார அறைக்குள் வந்தாள், அவர் சப்பாத்து நூல் அவிழ்ந்துவிட்டதென்று வெளியே குனிந்தார், எப்போது பார்த்தாலும் அவிழ்கிற நூல், கொஞ்சம் பிந்தித்தான் வந்தார். அதுவும் நல்லதுதான், மெயினை நிறுத்தியவுடனே டிரைவைத் திறக்கக்கூடாது, உள்ளேயிருக்கிற கபாசிற்றர்கள் கொஞ்ச நேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், சண்டை முடிந்த பிறகும் இவர் முகத்தில் கொஞ்ச நேரம் நிற்குமே அந்த மாதிரி, அது முழுக்க இறங்கும்வரை காத்திருந்து, மீற்றரை வைத்து ஒவ்வொரு முனையாக அளந்து, பூச்சியம், பூச்சியம், எல்லாம் பூச்சியம் என்று கண்ட பிறகுதான் மூடியைக் கழற்றினாள். இனி மோட்டார் நினைத்தாலும் சுற்றமுடியாது. மூளைக்கு மட்டும் கொஞ்சம் மின்சாரம் வேண்டும், அதற்கென்று கொண்டுவந்த சின்னப் பவர் பெட்டியைச் சுவரில் இருந்த ஒரேயொரு பிளக்கில் செருகினாள், டிரைவின் சின்னத் திரை பச்சையாகக் கண் திறந்தது.

பிறகு அதனுடைய நினைவையெல்லாம் எடுத்துக் கணினியில் ஒரு பிரதி, யூஎஸ்பி குச்சியில் ஒரு பிரதி, இவ்வளவு வருசமாக இந்த மெசினுக்கென்று பார்த்துப் பார்த்து வைத்த அளவுகள், போர்வை நிறைந்திருந்தால் எப்படித் தொடங்குவது, எவ்வளவு மெதுவாக நிற்பது, எல்லாம் அதில்தான். புதிய மூளை ஏறினால் பழைய நினைவு போய்விடும், பிறந்த பிள்ளை மாதிரி எழும்பும், திரும்பச் சொல்லிக்கொடுக்காவிட்டால் அது தன்பாட்டுக்கு ஏதாவது செய்யும். டிரைவில் ஒட்டியிருக்கிற மொடல் இலக்கமும் கோப்பின் இலக்கமும் ஒன்றா என்று ஒருக்கா பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொருக்கா பார்த்தாள், மாறி ஏற்றினால் பெட்டி செத்துக் கல்லாகிவிடும், இடையில் நின்றாலும் கல்தான். கல்லானால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும், புதியது வர வாரக்கணக்காகும், அதுவரை மெசினைச் சும்மா விடுவார்களா, ஸ்டோரில் கிடக்கிற பழைய டிரைவை எடுத்து மாட்டச் சொல்வார்கள், அதற்கும் இதே வியாதி, இதே சில வேளைகளில், இதே கூடும், இவர் திரும்பவும் இடுப்புவரை… அம்மாளாச்சி, என்று சொல்லிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு நீலக் கோடு முளைத்தது.

இந்தக் கோடு ஊர்கிற நேரத்தில் செய்வதற்கு ஒன்றுமேயில்லை, அதுதான் கஷ்டம், கேபிளைத் தொடக்கூடாது, லப்டொப்பை மூடக்கூடாது, வேறொன்றையும் திறந்து பார்க்கக்கூடாது, சோறு வேகிற பானைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவேண்டியதுதான். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு மூக்கைச் சொறிந்தார். பாவம், ஞாயிற்றுக்கிழமை, இந்த நேரம் சோபாவில் கிடந்து ஊர்ச் செய்தி பார்க்கிற ஆள். இவரை இந்த அறைக்குள் பார்த்து எவ்வளவு காலம்… இங்கே அவள் வேலைக்கு வந்த முதல் கிழமை, முதல் முதலாகப் பெட்டியொன்றைத் திறந்து நிற்கிறாள், சுற்றிவர மீசை வைத்த கியூபெக்காரர்கள், நாற்பது வயதுக்குக் கிட்டப் படித்து வந்த இந்தக் கட்டைப் பொம்பிளை என்ன செய்யப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டு, பின்னால் இருந்து ‘கவனம், கவனம்’ என்று ஒரு குரல், திரும்பிப் பார்த்தால் இவர், தன்னுடைய மெசினை விட்டுவிட்டு வந்து நிற்கிறார், கையில் ஈரப் போர்வை வேறு! அவளுக்கு முகமெல்லாம் கொதித்தது. ‘உங்கட வேலையைப் போய்ப் பாருங்கோ, இஞ்ச வந்து நிக்காதேங்கோ’ என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள். போர்வையோடு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு வரவேயில்லை. அவள் கேட்டதும் அதுதானே, கேட்டது கிடைத்துவிட்டது, பிறகு ஏன் சில நாட்கள் பெட்டிக்குள் தலையை விட்டபடி காலடிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்? ஒரு சொல்லுக்கு இப்படி விட்டுவிடுவாரா ஒரு ஆள், இரண்டு தரம் வந்து ஏச்சு வாங்கினால்தான் என்ன குறைந்துவிடும்…

‘தேத்தண்ணி போட்டுக்கொண்டு வரட்டோ?’ என்றார், ‘ஓம், கொண்டுவாங்கோ’ என்றாள், கோடு பாதிக்கு வந்திருந்தது, அவர் கதவைத் திறந்தார், அவருடைய வலது கை மேலே போனது. அந்தக் கைக்கென்று ஒரு தனிப் புத்தி உண்டு, அறையை விட்டு வெளியே போனால் சுவிச்சைத் தட்டும், உள்ளே ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காது, நோத்ர-டாம்-த-கிரேஸ் வீட்டில் மகள் ஆர்த்திகா குளியலறையில் இருந்து ‘அப்பா, லைற்!’ என்று கத்தாத நாள் இல்லை. மகளுடைய இணையப் பரீட்சைக்கு நடுவில் மொடெத்தைக் கழற்றி வைத்த கை அது, ‘பச்சை லைற் சும்மா எரிஞ்சுகொண்டிருந்தது’ என்று விளக்கம் வேறு. ஜனவரியில் ஒருநாள் காரின் எஞ்சினைச் சூடாக வைத்திருக்கிற வயரைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாகப் படுத்த கை, விடியக் கார் அசையவில்லை, பனிக்குள் இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள், வழி முழுக்க இந்தக் காலத்துக் கார்களைத் திட்டிக்கொண்டு வந்தார், தன் கழுத்துத் துணியைக் கழற்றி அவளுக்குச் சுற்றிவிட்டுத்தான் திட்டினார். அந்தக் கைதான் இப்போது சுவிச்சில், விளக்குத்தானே, அணைந்தால் அணையட்டும், லப்டொப் வெளிச்சம் இருக்கிறது என்று நினைத்தவள், சுவிச்சைப் பார்த்தாள், சுவிச்சில் இருந்து ஒரு குழாய் கீழே இறங்குவதைப் பார்த்தாள், அந்தக் குழாய் வேறெங்கும் போகவில்லை, நேரே பிளக்குக்குப் போகிறது, பிளக்கில் பவர் பெட்டி, பவர் பெட்டியில் டிரைவின் உயிர்…

‘ஐயோ கையை எடுக்காதேங்கோ!’ என்று கத்தினாள். எடு என்பதா எடுக்காதே என்பதா, என்ன சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை, அவர் அப்படியே சிலையாக நின்றார், விரல் சுவிச்சின் மேலே, அழுத்தாமல், ஒரு மயிரிழை. ‘என்னப்பா, ஏன் இப்பிடிக் கத்துறீர்?’ இந்தப் பிளக்கும் அந்த லைற்றும் ஒரே சுவிச்சில் போகுது போல, லைற்றை நிப்பாட்டினால் எல்லாம் நாசம், என்று மூச்சு வாங்கச் சொன்னாள். எந்தப் புண்ணியவான் இப்படி வயர் இழுத்தானோ, வேலை நாளில் இந்த விளக்கை யாரும் அணைப்பதில்லை, ஆகவே யாருக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது, மின்சாரப் பெட்டிக்குள் இருக்கிற ஒவ்வொரு ஆபத்தையும் எண்ணி எண்ணிப் பார்த்துவிட்டு வாசலில் இருந்த சுவிச்சைப் பார்க்கவில்லையே, வெட்கக்கேடு. அவருடைய முகம் மெல்ல மலர்ந்தது. ‘அப்ப அதுதான் அண்டைக்கு என்ர போன் சார்ச் ஏறேல்லை! இஞ்ச குத்திப்போட்டு, லைற்றை நிப்பாட்டிப்போட்டுப் போனனான், வந்து பாத்தா செத்துக்கிடக்குது.’ சிரிப்பு வந்தது அவளுக்கு, சிரிப்பு வந்த கையோடு கண்ணும் நிறைந்தது, இவ்வளவு பெரிய கட்டடத்தில் இந்தச் சுவிச்சை அணைக்கக்கூடிய ஒரே ஆளைத் தேடிப் பிடித்துக் காவலுக்குக் கூட்டிவந்திருக்கிறாளே! ‘அதில கையை வச்சு மறைச்சுக்கொண்டு நில்லுங்கோ, நான் சொல்லும்வரை எடுக்கக்கூடாது’ என்றாள். உள்ளங்கையைக் குடை மாதிரிக் குவித்துச் சுவிச்சின் மேல் வைத்துக்கொண்டு நின்றார்.

நல்ல ஆள்தான், சொன்னால் நிற்கிறார், பள்ளிக்கூடத்தில் வாங்கிலில் ஏற்றி விட்ட பையன் மாதிரி நிமிர்ந்து நிற்கிறார், வாழ்நாள் முழுக்க அணைத்துத் திரிந்த கை இப்போது அணையாமல் பார்த்துக்கொள்கிறது, ஆர்த்திகாவுக்கு ஒரு படம் எடுத்து அனுப்பவேண்டும், வேண்டாம், போனையும் தொடக்கூடாது இப்போது. தலை எவ்வளவு நரைத்துவிட்டது, பக்கவாட்டில் பார்த்தால்தான் தெரிகிறது, வீட்டில் யார் பக்கவாட்டில் பார்க்கிறார்கள், அங்கே முதுகையும் கேள்வியையும்தான் பார்க்கிறது. அவள் படித்த நாட்களில் பிரெஞ்சுப் புத்தகத்தை மேசையில் விரித்துவைத்துவிட்டு அழுதிருக்கிறாள், ஒன்றும் ஏறவில்லை, விட்டுவிடுகிறேன் என்று, இவர் பக்கத்தில் வந்து இருந்து ‘எனக்கும் விளங்கேல்லை’ என்பார், அவ்வளவுதான் ஆறுதல், பிறகு எழும்பிப் போகும்போது பழக்கத்தில் லைற்றை அணைத்துவிடுவார், இருட்டுக்குள் அழுகை சிரிப்பாகிவிடும். கோடு முக்காலைத் தாண்டியது. ‘ஒருக்கா வெளிய போட்டு ஓடி வாறன்’ என்றார். ‘அசையக்கூடாது.’ ‘ஒரு நிமிசம் அப்பா, நீர் வந்து பிடியுமன்.’ ‘நான் இதை விட்டு வரேலாது, என்ன அவசரம் உங்களுக்கு, பாத்ரூமோ?’ ‘இல்லை… பேந்து போறன்.’ ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறினார், கதவைப் பார்த்தார். தேத்தண்ணி ஆசை போல.

கோடு நிறைந்தது. டிரைவின் பச்சைக் கண் ஒருக்கா மூடியது, திறந்தது, புதிய இலக்கத்தைக் காட்டியது. அப்பாடா. இனிப் பழைய நினைவைத் திரும்ப ஊட்டவேண்டும், அனுப்பு என்று கொடுத்தாள், மின்சாரம் போய் வந்தால் தானாகத் தொடங்கலாமா என்று அது கேட்கிற இடத்தில் கூடாது என்று இருக்கிறதா என்று ஒருக்கா, இன்னொருக்கா, விரலை வைத்துப் பார்த்தாள், கூடாது, கூடவே கூடாது. அளவுகள் ஒவ்வொன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. ‘இன்னும் கையை எடுக்காதேங்கோ, இது முடியட்டும், நான் போய் டிரம்முக்குள்ள ஒண்டும் கிடக்கோ எண்டு பாத்திட்டு வாறன்.’ ‘நான் பாக்கிறன், நீர் நில்லும்!’ என்று அவசரமாகச் சொன்னார், அவள் அதற்குள் வெளியே வந்துவிட்டாள்.

டிரம் வெறுமையாக இருந்தது. திரும்புகிறபோது மெசினின் மற்றப் பக்கம் சுவிச்சைப் பார்த்தாள், கவ்வி தொங்கியது, கவ்வியில் இரண்டு பூட்டு. யாருடையது என்று நினைத்தபடியே அட்டையைத் திருப்பினாள், சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தது, திருப்பினால் பேரின்பநாதன், வேலைக்குச் சேர்ந்த வருசத்துக் கறுத்த தலைமயிரோடு, படம் எடுக்கும்போது கண்ணைச் சிமிட்டாதே என்று யாரோ சொல்லியிருக்கவேண்டும், அப்படி முழித்துக்கொண்டு. இவருக்கு இதில் என்ன வேலை? உள்ளே கை வைப்பது அவள், அவள் பூட்டுப் போட்டாயிற்று, சும்மா நிற்கிற ஆளுக்குப் பூட்டு எதற்கு? சப்பாத்து நூல்… அந்த நூல் எப்போது பார்த்தாலும்… கவ்வியைக் கையில் ஏந்தினாள், அவருடைய பூட்டு இரண்டாவது துளையில் போட்டிருந்தது, துளையைச் சுற்றிப் பூச்சுத் தேய்ந்து, முதலாவதைப் போலவே, இரும்பு தெரிந்தது. ஒருநாளில் இரண்டு நாளில் வருகிற தேய்வா இது? கீழேயுள்ளதெல்லாம் வாங்கின மாதிரியே இருக்க, இது ஒன்றை மட்டும் எந்த ஆணி தேடி வந்து உரசியது? ஐந்தாம் மெசினில், காயவைக்கிற மெசினில், கொதிநீர்ப் பம்பில், எங்கெல்லாம் அவள் தலையை உள்ளே விட்டுக்கொண்டு காலடிச் சத்தம் கேட்கவில்லையே என்று நின்றாளோ அங்கெல்லாம் வந்து, பூட்டிவிட்டு, அவள் சாமான் அடுக்குகிற சத்தம் கேட்டதும் வந்து கழற்றிக்கொண்டு போயிருக்கிறார். இங்கே வந்து நிற்காதே என்றாள், நிற்கவில்லை. இன்றைக்கு மட்டும் கழற்ற முடியவில்லை, அவள்தான் சுவிச்சில் கட்டிப்போட்டுவிட்டாளே.

நேரே போய்க் கேட்கலாம். என்ன கள்ளவேலை இது என்று செல்லமாக ஏசலாம். காலெடுத்து வைத்தவள் நின்றாள், இத்தனை வருசம் ஒளித்து வைத்த ஒன்றை ஒரு கேள்வியால் பறித்துவிடுவதா, கேட்டுவிட்டால் பிறகு அவர் அதைப் பகிடியாக்குவார், பகிடியானால் நின்றுவிடும். அட்டையை அவர் வைத்திருந்தபடியே சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு உள்ளே வந்தாள். அளவுகள் எல்லாம் இறங்கி முடிந்திருந்தன. ‘இனிக் கையை எடுக்கலாம்’ என்றாள். கையை உதறினார், அவள் முகத்தைப் பார்த்தார், அவள் கேபிளைப் பார்த்தாள். ‘ஒருக்கா வெளிய போட்டு வாறன்’ என்றார். ‘போட்டு வாங்கோ, அவசரமில்லை.’ ஏற்கெனவே சுற்றிய கேபிளை அவிழ்த்துத் திரும்பவும் மெதுவாகச் சுற்றினாள், மூடியின் திருகாணிகளை ஒன்றுக்கு இரண்டு தரம் இறுக்கினாள். வெளியே டக் என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

பிறகு அவள் போய்த் தன் ஒற்றைப் பூட்டைக் கழற்றினாள். அவரைத் தூரத்தில் மஞ்சள் கோட்டுக்கு அப்பால் நிற்கச் சொல்லிவிட்டு மின்சாரத்தைக் கொடுத்தாள், முதலில் ஊர்கிற வேகத்தில், சுற்றுகிற பக்கம் சரிதானா என்று, சரி, பிறகு கொஞ்சம் கூட்டி, பிறகு நில் என்றாள், நின்றது. கதவைத் திறந்து வைத்துவிட்டு, யாரும் கிட்ட இல்லை என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டு, சுவிச்சை இழுத்து அடுத்த கணமே போட்டாள். கண்ணிமைக்கிற நேரம். டிரம் அசையவில்லை. திரும்பவும் செய்தாள், திரும்பவும், ஒவ்வொரு தரமும் அந்தப் பெரிய வட்ட வாயையே பார்த்துக்கொண்டு, உள்ளே இரண்டு கால் இல்லை, பாட்டு இல்லை, வெறும் இரும்பு, அசையவேயில்லை. அங்கேயே குந்தியிருந்து அழலாம் போல இருந்தது. ‘என்ன, சரியோ?’ என்று கோட்டுக்கு அப்பால் நின்று கேட்டார். ‘சரி’ என்றாள். ‘அப்ப சந்தை மூட முன்னம் போவம், பேந்து நல்ல கத்தரிக்காய் இராது.’

பையை எடுக்க அறைக்குள் வந்தாள், கவ்வி கையில் இருந்தது. ‘இனி லைற்றை நிப்பாட்டலாமோ?’ என்று வாசலில் இருந்து கேட்டார், அனுமதி கேட்டு அவர் அணைக்கிற முதல் விளக்கு இதுவாகத்தான் இருக்கும். ‘நிப்பாட்டுங்கோ’ என்றாள். இருட்டியது. பெருவிரல் தன்பாட்டில் கவ்வியின் இரண்டாவது துளையைத் தடவியது, வழுவழுப்பு, பாவி மனுசன், எத்தனை தரம் வந்து போயிருக்கிறான் என்று அன்பு பொங்கிக்கொண்டு வந்தது, போன கிழமை ஐந்தாம் மெசினின் பெல்ற் மாற்றியபோதும் வந்திருப்பார், அதற்கு முதல் கிழமை பம்பைத் திறந்தபோதும் வந்திருப்பார், காலைக் கூட்டத்தில் அவள் எல்லாருக்கும் அவ்வளவு சொன்ன பிறகும், மூன்றாம் மெசினில் போர்வை வரிசையில் நின்ற அந்த நேரமெல்லாம்… விரல் நின்றது. ஒரு ஆளுக்கு ஒரு பூட்டு. அவருடைய பூட்டு இந்தக் கவ்வியில் அவளுடையதுக்குப் பக்கத்தில் தொங்கிய நேரமெல்லாம், அங்கே தன் மெசினில் எதைப் போட்டுவிட்டு இடுப்புவரை உள்ளே போனார்? ‘வாறீரோ?’ என்று இருட்டுக்குள் இருந்து கேட்டார். ‘ஓம்’ என்றாள், அது எந்த ஓம் என்று அவளுக்கே தெரியவில்லை.